பிராண்டோடு மருந்தின் பெயரையும் எழுதுங்கள்: தனியார் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, தைராய்டு என்று ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டியவர்களுக்குத் தனியார் கிளினிக்குகளில் மருந்து எழுதிக் கொடுப்பவர்கள் நீங்கள். அந்தச் சீட்டை வாங்கிப் படித்து மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் மருந்தாளுநர் நான். தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு சிறு நகரத்து மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். உங்களிடம் ஒரு பெரிய கோரிக்கை இருக்கிறது. அதோடு ஒட்டியவை இரண்டு சின்னக் கோரிக்கைகள். பெரியதை முதலில் சொல்லிவிடுகிறேன்: தொடர் மருந்து எழுதும்போது கம்பெனி வைத்த பிராண்ட் பெயரோடு நிறுத்தாமல், உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் யாரும் படிக்கும்படி பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

இதை ஏன் உங்களிடம் கேட்கிறேன், கடைக்காரரே பார்த்து விலை குறைவானதைக் கொடுத்துவிட்டால் என்ன என்று தோன்றலாம். சட்டம் விடாது. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65-ஆவது விதி இருக்கிறது. ஹெச் அட்டவணையில், அதாவது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில், உள்ள மருந்தைச் சீட்டின் பேரில் கொடுக்கும்போது, எழுதியதற்குப் பதிலாக வேறொன்றைக் கொடுக்கக் கூடாது என்கிறது அது. உள்ளே இருப்பது அதே மருந்தாக இருந்தாலும் கூடாது. ஆகவே சீட்டில் ஒரு கம்பெனியின் பெயர் மட்டும் இருந்தால், அந்தக் கம்பெனி வைத்த விலைதான் நோயாளியின் விலை. பக்கத்து அலமாரியில் அதே மருந்து பாதி விலைக்கு இருந்தாலும், சட்டப்படி நடக்கிற மருந்தாளுநர் அதை எடுத்துக் கொடுக்க முடியாது. முடிவு முழுக்க உங்கள் பேனாவில் இருக்கிறது.

விலை வித்தியாசம் எவ்வளவு என்று பார்ப்போம். டெல்மிசார்டன் 40 மில்லிகிராம், நம் ஊரில் பிரஷருக்கு அதிகம் எழுதப்படும் மாத்திரைகளில் ஒன்று. பெயர் பெற்ற பிராண்டில் ஒரு மாத்திரை ஏழு ரூபாயை ஒட்டி வரும். மக்கள் மருந்தகம் என்கிற மத்திய அரசின் மலிவு விலை ஜன் ஔஷதி கடையில் ஏறத்தாழ ஒன்றே கால் ரூபாய். மாதத்துக்கு 210 எங்கே, நாற்பதுக்குள் எங்கே! ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் ஒரே ஒரு மாத்திரையில் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் போகிறது. அந்த நோயாளிக்குச் சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து இருந்தால் தினம் நான்கைந்து மாத்திரை. வீட்டில் கணவன் மனைவி இருவருக்கும் இருந்தால் இன்னும் இரண்டு மடங்கு. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023-இல் மாதம் 1,200 ரூபாயானது. அதில் 210 ரூபாயை ஒரு பிரஷர் மாத்திரைக்கு எடுத்து வைக்கிற பாட்டியை நினைத்துப் பாருங்கள்.

அரசாங்கம் விலையைக் கட்டுப்படுத்தவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. கட்டுப்படுத்துகிறது, ஆனால் 2013-ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாட்டு ஆணை வந்த பிறகு கணக்கு வேறு மாதிரி. தயாரிக்க என்ன செலவாகிறது என்று பார்ப்பதில்லை. சந்தையில் ஒரு சதவீதமாவது பங்கு வைத்திருக்கும் பிராண்டுகளின் விலையைக் கூட்டிச் சராசரி எடுத்து, கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்த்து உச்ச விலை குறிக்கிறார்கள். பெரிய பிராண்டுகள் எல்லாமே விலை கூட வைத்திருந்தால் சராசரியும் கூடத்தான் இருக்கும். இந்த உச்ச விலை அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்குத்தான். அதில் இல்லாத மருந்துகளுக்கோ ஆண்டுக்குப் பத்து சதவீதம் வரை ஏற்றிக்கொள்ளலாம். 2025 செப்டம்பரில் மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12-இலிருந்து 5 சதவீதமானது. நல்லதுதான், நூறு ரூபாய் அட்டையில் ஆறு ரூபாய் சொச்சம் குறைந்தது. உங்கள் சீட்டில் ஒரு சொல் கூடுதலாக இருந்தால் குறைவது இதைப் போலப் பல மடங்கு.

காப்புரிமை முடிந்த மருந்துகளில் இது இன்னும் நன்றாகத் தெரியும். சர்க்கரை நோய்க்கான எம்பாகிளிஃப்ளோசின் 2025 மார்ச் வரை ஒரு மாத்திரை சுமார் அறுபது ரூபாய். காப்புரிமை முடிந்த உடனே இந்தியக் கம்பெனிகள் வரிசையாக இறங்கின. பத்து ரூபாய்க்குக் கீழேயும் கிடைக்க ஆரம்பித்தது. அதே நோய்க்கான வில்டாகிளிப்டினுக்கு 2019 டிசம்பரிலும், சிடாகிளிப்டினுக்கு 2022 ஜூலையிலும் இதே கதைதான். ஆனால் பழைய சீட்டில் பழைய பிராண்ட் பெயர் மட்டும் இருந்தால், விலை இறங்கிய செய்தி அந்த நோயாளிக்கு எப்படிப் போய்ச் சேரும்? அவருக்குத் தெரிந்தது டாக்டர் எழுதிய பெயர் ஒன்றுதான். "டாக்டர் எழுதினதையே குடு பாப்பா, மாத்திடாதே" என்று என்னிடம் சொல்கிறவர்கள்தான் அதிகம். உங்கள் மேல் அவர்கள் வைத்திருக்கும் நம்பிக்கை அது. அதனால்தான் வேறு யாரிடமும் போகாமல் உங்களிடம் கேட்கிறேன்.

பணம் போதாதபோது என்ன நடக்கிறது என்பது உங்கள் அறைக்குள் தெரிவதில்லை, எங்கள் கவுண்டரில் தெரிகிறது. முதலில் "முப்பது நாளைக்கு வேணாம், பத்து நாளைக்குக் கொடுங்க" என்பார்கள். அப்புறம் அட்டையைப் பாதியாக வெட்டச் சொல்வார்கள். வெட்டினால் மருந்தின் பெயர் ஒரு துண்டோடும் காலாவதித் தேதி இன்னொரு துண்டோடும் போய்விடும். வீட்டில் ஒரு டப்பாவில் பெயர் இல்லாத துண்டுகள் சேர்ந்து கிடக்கும். அதற்கடுத்து, ஒருநாள் விட்டு ஒருநாள். இன்னும் சிலர் மாத்திரையையே இரண்டாக உடைக்கிறார்கள். எஸ்.ஆர். என்று போட்ட மெட்ஃபார்மின் என்கிற சர்க்கரை மாத்திரையை அரிவாள்மனையில் வைத்து நறுக்கிச் சாப்பிட்டவர்கள் எனக்குத் தெரியும். மெதுவாகக் கரைய வேண்டியது ஒரேயடியாகக் கரைந்து வயிற்றைக் கலக்கிவிடும். பிறகு "இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கல" என்று அதையும் நிறுத்திவிடுவார்கள்.

எதை விடுகிறார்கள் என்பது எனக்கு இன்னும் கவலை. சாப்பிட்டால் உடம்புக்கு ஏதாவது தெரிகிற மாத்திரையை விடமாட்டார்கள். வலி மாத்திரை, கேஸ் மாத்திரை, தூக்க மாத்திரை எல்லாம் தப்பித்துவிடும். பிரஷர் மாத்திரையும் கொழுப்பு மாத்திரையும் சாப்பிட்டாலும் ஒன்றும் தெரியாது, விட்டாலும் உடனே ஒன்றும் தெரியாது. அதனால் முதலில் வெட்டுப்படுவது அவைதான். சில மாதம் கழித்துப் பக்கவாதம் வந்து கை கால் விளங்காமல் போனவரின் மகள் அதே சீட்டோடு வந்து நிற்கும்போது, எந்த மாத்திரை எப்போது நின்றது என்று எங்கள் பில் புத்தகத்தைப் புரட்டினாலே தெரிந்துவிடும். 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றும், அதைப் போல மூன்று மடங்கு பேருக்கு இரத்த அழுத்தம் என்றும் சொல்கிறது. இவர்களில் எத்தனை பேர் மாத்திரையைத் தொடர்கிறார்கள் என்பதில் விலைக்கும் பங்கு உண்டு. நீங்கள் அறிவுரை சொல்லித் தீர்க்க முடியாத பங்கு அது.

உங்கள் தரப்பு மறுப்பு எனக்குத் தெரியும். ஜெனரிக், அதாவது மருந்தின் சொந்தப் பெயரிலேயே விற்கிற மருந்தின் தரத்துக்கு யார் உத்தரவாதம், அது வேலை செய்யாமல் போனால் பழி எங்கள் மேல் என்பீர்கள். 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் ஜெனரிக் பெயரில் எழுதுவதைக் கட்டாயமாக்கி, எழுதாதவர்கள் மேல் நடவடிக்கை என்றும் சொன்னது. இந்திய மருத்துவச் சங்கம் எதிர்த்தது. அதே மாதத்தில் அந்த ஒழுங்குமுறை நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த எதிர்ப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நம் நாட்டில் மருந்துச் சோதனை இருக்க வேண்டிய அளவுக்கு இல்லை. ஆனால் அந்தக் கவலை பிராண்டுக்கும் சேர்த்துத்தான் இருக்க வேண்டும். காப்புரிமை முடிந்த பிறகு இங்கே விற்கிற பிராண்டுகளில் பெரும்பாலானவை ஜெனரிக் மருந்துக்கு ஒரு பெயர் வைத்தவைதான். அட்டையின் பின்பக்கம் பாருங்கள். தயாரித்தது இமாச்சலத்திலோ சிக்கிமிலோ உத்தராகண்டிலோ உள்ள ஒரு ஆலை, விற்பது வேறொரு கம்பெனி என்று பல அட்டைகளில் இருக்கும். ஒரே ஆலையில் இருந்து நாலு பெயரில் நாலு விலையில் வருகிறது. மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதா மாதம் வெளியிடும் தரம் குறைந்த மருந்துகளின் பட்டியலில் பிராண்டுகளும் இருக்கின்றன, ஜெனரிக்கும் இருக்கிறது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளின் உயிரைப் பறித்த இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அது ஒரு பிராண்ட் பெயரோடுதான் விற்றது.

நம் மாநிலத்திலேயே இதற்கு நல்ல பதில் இருக்கிறது. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தை மருந்தின் பெயரில்தான் கொள்முதல் செய்கிறது. மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறது, தேறாத கம்பெனியைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கிறது. பிற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போன ஏற்பாடு இது. உங்களில் எத்தனையோ பேர் காலையில் அரசு மருத்துவமனையில் அந்த மாத்திரைகளைத்தான் எழுதுகிறீர்கள். அங்கே சர்க்கரையும் பிரஷரும் அவற்றால்தான் கட்டுக்குள் வருகின்றன. மாலையில் சொந்தக் கிளினிக்கில் உட்காரும்போது மட்டும் அந்த நம்பிக்கை ஏன் குறைய வேண்டும்?

2023 ஒழுங்குமுறை நின்றுபோனாலும் பழைய விதி அப்படியே இருக்கிறது. மருத்துவர்களின் நடத்தை விதிகளில் 2016-இல் செய்த திருத்தம், மருந்தை ஜெனரிக் பெயரில், படிக்கும்படி, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்கிறது. நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. அந்த விதி சொல்கிற அளவுக்குக் கூட கேட்கவில்லை. உங்களுக்கு நம்பிக்கையான பிராண்ட் இருந்தால் அதை எழுதுங்கள், பக்கத்தில் மருந்தின் பெயரையும் எழுதுங்கள். இரண்டில் எது என்று நோயாளி தன் பையைப் பார்த்து முடிவு செய்யட்டும்.

இன்னொரு மறுப்பும் உண்டு, அது எங்கள் கடைகளைப் பற்றியது. ஜெனரிக் பெயரை எழுதினால் எந்தக் கம்பெனி மாத்திரையைக் கொடுப்பது என்பதைக் கடைக்காரர் தீர்மானிப்பார், அவருக்கு எதில் லாபமோ அதைத்தான் கொடுப்பார் என்கிறீர்கள். உண்மை. கடைகளுக்கென்றே வருகிற ஜெனரிக் சரக்கு இருக்கிறது. கடைக்கு வருகிற விலை மிகக் குறைவு, அட்டையில் அச்சடித்த விலையோ பிராண்டுக்குப் பக்கத்தில் இருக்கும். அதை அச்சடித்த விலைக்கே விற்றால் லாபம் முழுக்கக் கடைக்கு, நோயாளிக்கு ஒரு காசும் மிச்சமில்லை. இந்த வேலையில் இருந்துகொண்டே சொல்கிறேன், இது பரவலாக நடக்கிறது, இது தவறு. ஆனால் இதற்கு மருந்தின் பெயரை மறைப்பது மருந்தாகாது. பெயர் தெரிந்தால்தான் நோயாளி நாலு இடத்தில் விலை கேட்க முடியும். அச்சடித்த விலையே குறைவாக இருக்கிற இடங்கள் இப்போது பக்கத்திலேயே வந்துவிட்டன. ஜன் ஔஷதி கடைகள் நாடு முழுக்க 2025 தொடக்கத்திலேயே பதினைந்தாயிரத்தைத் தொட்டன. 2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாடு அரசு ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. அந்தக் கவுண்டருக்கு உங்கள் சீட்டோடு போகிறவர் என்ன கேட்பார்? பிராண்ட் பெயரைக் கேட்டால் "இல்லை" என்பார்கள். மருந்தின் பெயர் எழுதியிருந்தால் எடுத்துக் கொடுப்பார்கள். அங்கேயும் சில நாள் சரக்கு இருக்காது, அது அரசு சரிசெய்ய வேண்டிய குறை. ஆனால் இருக்கிற சரக்கைக்கூட வாங்க முடியாதபடி சீட்டு இருக்கக் கூடாது அல்லவா?

சில கிளினிக்குகளின் கீழ்த்தளத்துக் கடையில் மட்டுமே கிடைக்கும் பிராண்டுகள் பற்றி ஒரே ஒரு வார்த்தை. பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கிராமத்துக்காரர் அந்த ஒரு அட்டைக்காகப் பேருந்து ஏறி வருகிறார். அவருடைய ஊர்க் கடையில் அதே மருந்து வேறு பெயரில் இருக்கிறது. அது அவருக்கும் தெரியாது, சீட்டைப் பார்க்கிற அந்த ஊர்க் கடைக்காரருக்கும் தெரியாது. இது நிற்க வேண்டும்.

உங்களைக் கேட்காமல் பிராண்டை மாற்றவே கூடாத மருந்துகளும் உண்டு. வலிப்புக்கான ஃபெனிடாயின், இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், மனநோய்க்கான லித்தியம், சிறுநீரகம் மாற்றியவர்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸ் போன்றவற்றில் அளவு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஆபத்து. தைராய்டு மாத்திரையிலும் பிராண்ட் மாறினால் மறுபடி ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது. இவற்றுக்குச் சீட்டிலேயே "பிராண்ட் மாற்ற வேண்டாம்" என்று எழுதிவிடுங்கள். நாங்களும் மாற்றமாட்டோம், நோயாளிக்கும் ஏன் என்று சொல்லுவோம். எல்லா மாத்திரைக்கும் ஒரே கண்டிப்பு என்று இருந்தால், எதில் உண்மையிலேயே கண்டிப்பு வேண்டும் என்பது யாருக்கும் தெரியாமல் போகிறது. கடைகளில் சட்டத்தை மீறிப் பிராண்டை மாற்றிக் கொடுக்கும் பழக்கமும் இருப்பதால், அந்த ஒரு வரி ஓர் உயிரைக் காக்கலாம்.

இனி அந்த இரண்டு சின்னக் கோரிக்கைகள்.

அதே 65-ஆவது விதி இன்னொன்றும் சொல்கிறது. மறுபடி கொடுக்கலாம் என்று மருத்துவர் எழுதியிருந்தால் ஒழிய, ஒரு சீட்டுக்கு ஒரு முறைக்கு மேல் மருந்து கொடுக்கக் கூடாது. ஆண்டுக்கணக்காக ஒரே மாத்திரையில் பிரஷர் நிதானமாக இருக்கிறவர், சீட்டைப் புதுப்பிக்க மட்டும் மாதா மாதம் கன்சல்டிங் பீஸ், பேருந்துக் கட்டணம், ஒருநாள் கூலி மூன்றையும் இழக்கிறார். யாருக்கு மாதம் ஒரு தடவை பார்த்தே ஆக வேண்டும், யாருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போதும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். போதும் என்று நினைக்கிறவர்களுக்கு "மாதம் ஒரு முறை வீதம் மூன்று முறை கொடுக்கலாம்" என்று ஒரு வரி சேர்த்தால் எங்களுக்கும் தைரியமாகக் கொடுக்க முடியும்.

அடுத்தது, ஆண்டுக்கு ஒரு முறையாவது முழுப் பட்டியலையும் எடுத்து, எது இனி வேண்டாம் என்று பாருங்கள். எங்கள் பில்லைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். சர்க்கரைக்கான மாத்திரையைவிட, அதனோடு சேர்ந்து வருகிற சத்து மாத்திரையும் நரம்பு மாத்திரையும் விலை அதிகமாக இருக்கும். மெட்ஃபார்மினை நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம் என்பது எனக்குத் தெரியும், தேவைப்படுகிறவர்களுக்கு அது தேவைதான். ஆனால் எப்போதோ ஒரு காய்ச்சலின்போது ஆன்டிபயாடிக்கோடு எழுதிய பான்டோப்ரசோல் என்கிற கேஸ் மாத்திரை பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறோம். நிறுத்தச் சொல்ல யாரும் இல்லாததால் ஓடுகிறது. நோயாளியாகவே நிறுத்தினால் தவறான மாத்திரையை நிறுத்துவார் என்று மேலே சொன்னேன். அந்த முடிவை நீங்கள் எடுத்துக் கொடுத்தால், மிச்சமாகிற காசில் பிரஷர் மாத்திரை தவறாமல் வாங்குவார்.

இன்னும் ஒன்று. சிலருக்கு ஜன் ஔஷதி விலைகூடக் கட்டாது. அவர்களிடம் "இந்த மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கும், அங்கே பதிவு செய்துகொள்ளுங்கள்" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்கள். மெட்ஃபார்மின், பிரஷருக்கான அம்லோடிபின், கொழுப்புக்கான அடார்வாஸ்டாடின் போன்றவை அங்கே கிடைப்பவைதான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் கொடுக்கிறார்கள். நாங்கள் இதைச் சொன்னால் "கவர்மென்ட் மாத்திரை கேட்குமா?" என்று சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். நீங்கள் சொன்னால் அந்தச் சந்தேகம் வராது.

சீட்டு எப்படி இருக்கலாம் என்று ஒரு மாதிரி சொல்கிறேன். முதலில் பெரிய எழுத்தில் "டெல்மிசார்டன் 40 மி.கி.", அதற்குக் கீழே அடைப்புக்குள் உங்களுக்குப் பிடித்த பிராண்ட், பக்கத்தில் "காலை 1, 30 நாள், 3 முறை கொடுக்கலாம்". கம்ப்யூட்டரில் சீட்டு அடிக்கிறவர்களுக்கு ஒரு தடவை மென்பொருளில் அமைத்துவிட்டால் போதும், தானே வந்துவிடும். இரண்டு மூன்று மருந்து சேர்ந்த கலவை மாத்திரை என்றால் உள்ளே இருப்பவை ஒவ்வொன்றையும் அளவோடு எழுதுங்கள். ஒரே மாத்திரையாக இருப்பது வசதி, மறக்காமல் சாப்பிடவும் உதவும். அந்தக் கலவை மலிவான கடையில் இல்லாதபோது தனித்தனியாக வாங்கலாமா என்று உங்களுக்குப் போன் செய்து கேட்க எங்களுக்கு அந்தப் பெயர்கள் வேண்டும். அப்படிப் போன் வந்தால் தயவுசெய்து எடுத்துப் பேசுங்கள், அல்லது உங்கள் நர்ஸம்மாவிடம் பதில் சொல்லி வையுங்கள்.

நன்றியுடன்,
ஒரு மருந்தாளுநர்
தஞ்சாவூர் மாவட்டம்